இரண்டு பொம்மைகள், ஒரு கேமரா

கறுப்பினப் பெண்களின் குறும்படங்களிலும் கவிதைகளிலும் வளரும் சிறுமிகள்

மேசை மேல் இரண்டு பொம்மைகள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. எதிரில் ஒரு கறுப்பினக் குழந்தை. இடம், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள குழந்தைகள் காப்பகம். ஆண்டு 2005. எது நல்ல பொம்மை என்று கேட்டால் குழந்தை வெள்ளைப் பொம்மையை எடுக்கிறது. எது கெட்ட பொம்மை என்று கேட்டால் கறுப்பை எடுக்கிறது. சரி, உன்னைப் போல இருப்பது எது? கை முதலில் வெள்ளைப் பொம்மையைத் தொடுகிறது. அப்புறம் தயங்கித் தயங்கிக் கறுப்புப் பொம்மையை முன்னால் தள்ளுகிறது.

கேள்வி கேட்டுப் படம்பிடித்தவர் கிரி டேவிஸ் என்ற பள்ளி மாணவி. அப்போது அவருக்கு வயது 16. ‘எ கேர்ள் லைக் மீ’ என்ற அந்த ஆவணப்படம் ஏழு நிமிடம் ஓடுகிறது. அவர் கேட்ட 21 குழந்தைகளில் 15 பேர் வெள்ளைப் பொம்மையைத்தான் விரும்பினார்கள்.

சோதனை புதிதல்ல. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர் தம்பதி 1940களில் செய்ததுதான். அதற்கான விதையே மேமி கிளார்க் 1939இல் ஹவார்டு பல்கலைக்கழகத்தில் எழுதிய முதுகலை ஆய்வேட்டில் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத கறுப்பினக் குழந்தைகளுக்குத் ‘தான்’ என்ற உணர்வு எப்படி உருவாகிறது என்று அவர் அதில் ஆராய்ந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வும் அதில் சான்றாகக் காட்டப்பட்டது. தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் குழந்தைகளின் கை அதே பொம்மையைத்தான் எடுத்தது.

ஆனால், கேட்கும் ஆள் மாறியிருந்தார். அன்று கேட்டவர்கள் ஆய்வாளர்கள். பதில்கள் அட்டவணைக்குள் போயின. 2005இல் கேட்டவர் அந்தக் குழந்தைகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஒரு பெண். பொம்மைகளைக் காட்டுவதற்கு முன்பே தன் வயதுத் தோழிகளைக் கேமராவுக்கு முன் உட்காரவைத்து, நிறம் பற்றியும் தலைமுடி பற்றியும் அவர்களையே பேசவிடுகிறார். யாரோ அளந்து பார்த்த சிறுமி, அளவுகோலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கைமாற்றத்தின் கதை நீளமானது. அதில் பெரும்பகுதி நடந்தது குறும்படத்திலும் கவிதையிலும். காரணம், முதலில் காசு. கவிதைதான் எல்லாக் கலைகளிலும் செலவு குறைந்தது என்று ஆட்ரி லோர்ட் ஒரு கட்டுரையில் வாதிட்டார். வேலை நேரங்களுக்கு நடுவிலும், சுரங்க ரயிலிலும், கிடைத்த துண்டுத்தாளிலும் கவிதை எழுதிவிடலாம். நாவலுக்குத் தனி அறை வேண்டும், கட்டுக்கட்டாகக் காகிதம் வேண்டும், நிறைய நேரம் வேண்டும் என்பது அவர் கணக்கு. சினிமாவுக்கு இதை அப்படியே பொருத்தலாம். முழுநீளப் படத்துக்கு ஸ்டூடியோ வேண்டும், முதலீட்டாளர் வேண்டும், தியேட்டர் வேண்டும். குறும்படத்துக்குக் கல்லூரியின் கேமராவும் நம்பி வரும் நான்கு நண்பர்களும் போதும்.

கப்பலின் பெயர் கொண்ட சிறுமி

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு ஒரு அடிமைக் கப்பல் வந்தது. அதிலிருந்து இறக்கப்பட்டவர்களில் முன்பற்கள் விழுந்த ஒரு சிறுமி இருந்தாள். பல்லைப் பார்த்து ஏழெட்டு வயது இருக்கும் என்று முடிவு செய்தார்கள். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் ‘ஃபில்லிஸ்’. விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. இரண்டும் சேர்ந்து அவள் பெயர் ஆயிற்று. தாய் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்த ஃபில்லிஸ் வீட்லி 1773இல் லண்டனில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் எழுதி அச்சான முதல் கவிதை நூல் அது. இவற்றை எழுதியது அவர்தான் என்று பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்றிதழ் நூலின் முன்பக்கங்களில் இருக்கிறது. இருபது வயதுகூட ஆகியிராத ஒரு பெண் கவிதை எழுத முடியும் என்பதற்கு ஆளுநரும் வணிகர்களும் பாதிரியார்களும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

கப்பலுக்கு முந்தைய சிறுமி யார்? அவள் அம்மா யார்? இந்தக் கேள்விகளோடு பல ஆண்டுகள் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தவர் கவிஞர் ஓனரே ஃபனோன் ஜெஃபர்ஸ். 2020இல் வெளிவந்த அவருடைய ‘தி ஏஜ் ஆஃப் ஃபில்லிஸ்’ தொகுப்பு, ஏடுகள் விட்டுவிட்ட இடங்களைக் கவிதையால் நிரப்பிப் பார்க்கிறது. வீட்லியின் பிள்ளைப் பருவத்தை ஒரு கவிஞர் திரும்ப எழுதிக் கொடுக்க இரண்டரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

சிகாகோ சிறுமிக்கு ஒரு காவியம்

க்வென்டலின் புரூக்ஸ் வளர்ந்தது சிகாகோவின் தென்பகுதியில். 13 வயதில் அவருடைய கவிதை ஒரு சிறுவர் இதழில் அச்சானது. 1949இல் வந்த ‘ஆனி ஆலன்’ அவருடைய இரண்டாவது தொகுப்பு. ஆனி என்ற சாதாரணக் கறுப்பினப் பெண்ணின் பிள்ளைப் பருவம், காதல், பெண்மை என்று அது விரிகிறது. நடுப்பகுதிக்கு அவர் வைத்த தலைப்பு ‘தி ஆனியட்’. ஹோமரின் இலியட்டை நினைவூட்டும் பெயர். போர்வீரர்களுக்கும் அரசர்களுக்கும் ஒதுக்கிவைத்திருந்த காவிய மிடுக்கை, அடுக்களையில் நின்று கனவு காணும் ஒரு பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தார். யாப்பில் அவருக்கு இருந்த பிடியைப் பார்த்து அசராத விமர்சகர் குறைவு. அதைவிடப் பெரியது, எந்தப் பெண்ணுக்காக அந்த யாப்பைச் செலவழித்தார் என்பது.

அந்தத் தொகுப்புக்கு 1950இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் புலிட்சர். செய்தி வந்தபோது புரூக்ஸின் வீடு இருட்டில் இருந்தது. கட்டணம் கட்டாததால் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். 1968இல் இல்லினாய் மாநிலத்தின் அரசவைக் கவிஞரான பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கவிதைப் போட்டி நடத்தித் தன் கைக்காசிலிருந்து பரிசு கொடுத்தார்.

ஆட்ரி லோர்ட் 1934இல் ஹார்லெமில் பிறந்தவர். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். கடுமையான கிட்டப்பார்வை. நான்கு வயது வாக்கில் படிக்கக் கற்ற காலத்தில்தான் பேச்சும் வந்தது. ஆங்கிலத்தில் தன் பெயரின் கடைசி எழுத்து வரிக்குக் கீழே தொங்குவது பிடிக்காமல், சின்ன வயதிலேயே அந்த எழுத்தை வெட்டிவிட்டார். 1982இல் வந்த ‘ஸாமி’ என்ற தன்வரலாற்றில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ‘செவன்டீன்’ இதழில் அவருடைய கவிதை வெளியானது. பின்னாளில் ‘ஹேங்கிங் ஃபயர்’ என்ற கவிதையில் 14 வயதுப் பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டார். முகப்பரு, பள்ளி நடனம், சாவு பயம் எல்லாம் அந்தப் பெண்ணின் மனதில் ஒரே எடையில் வந்து விழுகின்றன. அம்மா படுக்கையறைக்குள், கதவு சாத்தியபடி. கறுப்பினப் பெண் என்றாலே போராளி, தியாகி, பாரம் சுமப்பவள் என்று எழுதிப் பழகிய காலத்தில், ஒரு பதின்வயதுப் பிள்ளையைப் பதின்வயதுப் பிள்ளையாகவே விட்டுவைத்தது பெரிய காரியம்.

லூசில் கிளிஃப்டன் 1936இல் இரண்டு கைகளிலும் ஆறாறு விரல்களோடு பிறந்தார். அவருடைய தாய்க்கும் மூத்த மகளுக்கும் அதே போல. கூடுதல் விரல்களைக் குழந்தையிலேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். அந்த விரல்கள் பின்னர் கவிதைக்குள் திரும்பி வந்தன, பாட்டிமாரின் சக்தியாக. தாய் தெல்மாவும் கவிதை எழுதியவர். அவற்றை வெளியிடும் வாய்ப்பு வந்தபோது கணவர் தடுத்தார். தெல்மா தன் கவிதைகளை உலையில் போட்டு எரித்தார். சிறுமியான லூசில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கிளிஃப்டன் எழுதியவை பெரும்பாலும் குட்டிக் கவிதைகள். பெரிய எழுத்து கிடையாது, நிறுத்தக்குறிகளும் அரிது. 1988 புலிட்சர் இறுதிப் பட்டியலில் அவருடைய இரண்டு தொகுப்புகள் ஒரே ஆண்டில் இடம்பெற்றன. அதற்கு முன் எந்தக் கவிஞருக்கும் அப்படி அமைந்ததில்லை.

நூலகத்தில் நுழைந்த எட்டு வயது

கவிதை ஏட்டிலிருந்து எழுந்து ஆடத் தொடங்கியது 1974இல். கலிஃபோர்னியாவின் பெர்க்லி அருகே, பெண்கள் கூடும் ஒரு மதுக்கூடத்தில் என்டோசாகே ஷாங்கே சில தோழிகளோடு தன் கவிதைகளை நடனத்தோடு நிகழ்த்தினார். அது வளர்ந்து ‘ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேடைப் படைப்பானது. நாடகம் என்று சொல்ல ஷாங்கேவுக்கு மனம் வரவில்லை. நடனமும் கவிதையும் கலந்த அதற்குக் ‘கோரியோபோயம்’ என்று புதுப்பெயர் வைத்தார். ஏழு பெண்கள்; பெயர் கிடையாது, உடுத்தியிருக்கும் நிறமே அடையாளம். 1976இல் பிராட்வேயின் பூத் அரங்குக்கு வந்து 742 முறை நடந்தது.

அதில் பழுப்பு உடைப் பெண் சொல்லும் ஒரு கதைக்காகவே முழுப் படைப்பையும் பார்க்கலாம். செயின்ட் லூயிஸ் நகரம், 1955. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பெரியவர்களுக்கான வாசிப்பறைக்குள் புகுந்து, ஹெய்ட்டி அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய தூஸான் லூவெர்ச்சூர் பற்றிய புத்தகத்தைக் கண்டெடுக்கிறாள். நூலகத்தின் கோடைகால வாசிப்புப் போட்டியில் அதிகப் புத்தகம் படித்தவள் அவள்தான். ஆனாலும் அந்தப் புத்தகம் சிறுவர் பகுதியைச் சேர்ந்ததல்ல என்று பரிசை மறுக்கிறார்கள். அவளுக்கோ பரிசு பெரிதில்லை. ஒரு கறுப்பின வீரன் கிடைத்துவிட்டான். அவனைத் தேடி ஹெய்ட்டிக்கே போய்விடுவது என்று வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ஷாங்கேவும் அதே வயதில் அதே ஊரில் வாழ்ந்தவர். வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பப்பட்டு அங்கே வதைபட்டவர். பிறப்பில் பாலெட் வில்லியம்ஸ் என்ற பெயர் கொண்ட அவர், 1971இல் தென்னாப்பிரிக்க மொழிகளிலிருந்து புதிய பெயரை எடுத்துக்கொண்டார். கப்பல் பெயரைச் சுமந்த வீட்லிக்குக் கிடைக்காத உரிமை அது.

சூடான சீப்பும் கலிஃபோர்னியக் கல்லூரியும்

சினிமாவில் முன்னோடி என்று தேடினால் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் நிற்கிறார். 1920களின் இறுதியில் நாட்டார் வழக்காறு சேகரிக்க அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் போனபோது 16 எம்.எம். கேமராவையும் எடுத்துச் சென்றார். குழந்தைகளின் விளையாட்டுகளை அவர் படம்பிடித்த துண்டுகள் இன்றும் இருக்கின்றன. கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாகவே திரையில் காட்டிய காலத்தில், அவர்களுடைய பிள்ளைகள் தமக்காக மட்டும் ஆடிய ஆட்டம் அந்தப் படச்சுருளில் பதிவானது.

அடுத்த பெரிய அலைக்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில், 1960களின் இறுதியிலிருந்து கறுப்பின மாணவர்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். ஹாலிவுட் கூப்பிடும் தூரத்தில் இருந்தும் அதைத் திரும்பிப் பார்க்காமல் படம் எடுத்த இவர்களைப் பின்னாளில் ‘எல்.ஏ. ரெபெலியன்’ என்று திரை வரலாறு குறித்துக்கொண்டது. ஜூலி டாஷ் அங்கே வந்தவர். நினா சிமோன் பாடிய ஒரு பாடலை வைத்து 1975இல் ‘ஃபோர் விமன்’ எடுத்தார். கறுப்பினப் பெண்ணை அடைக்க வார்த்திருந்த நான்கு அச்சுகளையும் ஒரே நடனக்காரி அணிந்து, கழற்றிக் காட்டுகிறார்.

அதே வட்டத்தைச் சேர்ந்த அலீலே ஷரன் லார்கின் 1979இல் எடுத்த ‘யுவர் சில்ரன் கம் பேக் டு யூ’ அதிகம் பேசப்படாத படம். இன்னும் பேசப்பட வேண்டிய படம். டோவி என்ற சிறுமியின் அம்மா அரசு உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார். வசதியான அத்தை, வெள்ளையர் வாழ்க்கையை அளவாகக் கொண்டவர், டோவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைக்கிறார். வறுமை, வர்க்கம், ஆப்பிரிக்க வேர் என்று பெரியவர்கள் விவாதிக்கும் சங்கதிகள் எல்லாம், யார் வீட்டில் வளர்வது என்ற ஒரு பிள்ளையின் கேள்வியாகச் சுருங்கி வருகின்றன. பார்வை முழுக்கச் சிறுமியுடையது.

டாஷின் ‘இல்யூஷன்ஸ்’ 1982இல் வந்தது. 34 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். கதை நடப்பது 1942 ஹாலிவுட்டில். மின்யான் டுப்ரீ ஒரு ஸ்டூடியோவில் அதிகாரி. வெளிர்நிறம் கொண்ட கறுப்பினப் பெண்ணான அவரை எல்லோரும் வெள்ளையர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ஸ்டூடியோவில் ஒரு வெள்ளை நடிகைக்குப் பின்னணி பாட எஸ்தர் என்ற கறுப்பின இளம்பெண் வருகிறார். திரையில் வாயசைப்பது அவர், பாடுவது இவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்யானும் எஸ்தரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் இடம், ஒரு நூற்றாண்டு ஹாலிவுட்டின் மீதான வழக்குரை.

தலைமுடிக்கு வருவோம். அயோகா சென்சிரா 1984இல் எடுத்த ‘ஹேர் பீஸ்’ பத்து நிமிட அனிமேஷன் படம். சுருள்முடியோடு பிறந்த பெண்பிள்ளையை அடுப்பருகே உட்காரவைத்து, காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நீவி நிமிர்த்துவது பல கறுப்பினக் குடும்பங்களில் வாராந்தரச் சடங்காக இருந்தது. காது சுடும், கழுத்து சுடும், அசையக் கூடாது. மழை வந்தால் எல்லாம் வீண். சென்சிரா இந்தத் துன்பத்தைப் பாட்டும் கும்மாளமுமாகச் சொல்கிறார். வெட்டி ஒட்டிய படங்கள், துள்ளும் குரல், முடிக்கு ஆசைப்பட்டுப் பெண்கள் படும் பாடுகளின் பட்டியல். பார்வையாளர்கள் தங்கள் வீட்டு அடுக்களையைத் திரையில் கண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு முடியைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. இயல்பான முடிக்காகப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது 2019இல். சென்சிரா 35 ஆண்டு முந்திக்கொண்டார்.

தோலைத் தேய்த்த பிள்ளைகள்

அமெரிக்காவைத் தாண்டிப் பிரிட்டனுக்குப் போனால் கதை இன்னும் தனிமையானது. ங்கோசி ஒன்வுராவின் தந்தை நைஜீரியர், தாய் வெள்ளை ஆங்கிலேயர். நைஜீரியாவில் பிறந்து, இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் பகுதியில் வளர்ந்தார். சுற்றிலும் அவரைப் போன்ற முகங்கள் இல்லை. 1988இல் அவர் எடுத்த ‘காஃபி கலர்ட் சில்ரன்’ 15 நிமிடம்தான். ஒரு அக்காவும் தம்பியும் குளியல் தொட்டியில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கும் பொடியால் தங்கள் தோலைத் தேய்க்கிறார்கள். வெளுத்துவிடும் என்ற நம்பிக்கை. கேமரா கண்ணை விலக்குவதில்லை. பார்ப்பவருக்கு விலக்கத் தோன்றும். விலக்கினால் படத்தின் பாதி போய்விடும்.

அடுத்து வந்த ‘தி பாடி பியூட்டிஃபுல்’ படத்தில் ஒன்வுரா தன் தாய் மேட்ஜையே நடிக்கவைத்தார். புற்றுநோயால் ஒரு மார்பை இழந்த வெள்ளைத் தாய், மாடலிங் துறைக்குப் போகும் பதின்வயதுக் கறுப்பின மகள். உலகம் மகளின் உடலை விலைமதித்து, தாயின் உடலைக் கழித்துக்கட்டுகிறது. தாயின் தழும்பைத் திரையில் அத்தனை நெருக்கமாகக் காட்டத் துணிச்சல் மட்டும் போதாது, அன்பும் வேண்டும்.

அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஒருவரின் நூல். ஜாக்கி கேவின் தந்தை நைஜீரியர், தாய் ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவைச் சேர்ந்த வெள்ளைத் தம்பதியின் தத்துப்பிள்ளையாக வளர்ந்தார். 1991இல் வந்த ‘தி அடாப்ஷன் பேப்பர்ஸ்’ தொகுப்பில் மகள், பெற்ற தாய், வளர்த்த தாய் என்று மூன்று குரல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு. மூன்று பெண்கள் ஒரே பக்கத்தில் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காமலே. பிற்காலத்தில் கே ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞரானார்.

சிறுமி என்ற நிலையையே இவர்கள் ஏன் இப்படி விடாப்பிடியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது? ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளி 2017இல் வெளியிட்ட ஆய்வு பதிலில் ஒரு பகுதியைத் தருகிறது. 325 பெரியவர்களிடம் கேட்டதில், வெள்ளைச் சிறுமிகளைவிடக் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் ஆறுதலும் குறைவாகத் தேவைப்படும் என்று அவர்கள் எண்ணுவது தெரியவந்தது. இந்த எண்ணம் ஐந்து வயதுப் பிள்ளைகள் விஷயத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதில் ஒருத்தியைப் பெரியவளாக்கிவிட்டால், அவள் அழுதால் அது அடம். கேள்வி கேட்டால் அது திமிர். பள்ளித் தண்டனைகளிலும் காவல் நிலையங்களிலும் இதன் விலை தெரிகிறது. ஒரு கறுப்பினச் சிறுமி வெறுமனே விளையாடுவதை, சலிப்பதை, கனவு காண்பதை ஒரு படம் காட்டுகிறது என்றால், பறிபோன ஒன்றை அது திருப்பிக் கொடுக்கிறது.

நிலவுக்குப் போகும் பெண்

மைமூனா டூகூரே பாரிஸில், செனகலிலிருந்து வந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 2015இல் எடுத்த ‘மாமாங்(ஸ்)’ குறும்படத்தின் நாயகி அயிதாவுக்கு எட்டு வயது. செனகல் போய்த் திரும்பும் அப்பா, கூடவே இளம்பெண் ஒருத்தியை அழைத்துவந்து இரண்டாம் மனைவி என்று அறிமுகம் செய்கிறார். அம்மா ஒன்றும் சொல்ல முடியாமல் நொறுங்குவதைப் பார்க்கும் அயிதா, வந்தவளை விரட்டத் தானே களம் இறங்குகிறாள். பெரியவர்களின் அநியாயத்துக்குப் பிள்ளை தீர்ப்பு எழுதினால் எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்பதையும் டூகூரே மறைக்கவில்லை. அது அவர் சொந்தப் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்த கதை. சன்டான்ஸ் விழாவிலும், பிரான்ஸின் சீஸர் விருதுகளிலும் பரிசு பெற்றது.

கானாவைச் சேர்ந்த ஃபிரான்சஸ் போடோமோவின் ‘ஆஃப்ரோநாட்ஸ்’ 2014இல் வந்த 14 நிமிடப் படம். ஸாம்பியா விடுதலை பெற்ற 1964ஆம் ஆண்டை ஒட்டி, எட்வர்ட் மகூகா என்கோலோசோ என்ற ஆசிரியர் விண்வெளிக் கழகம் தொடங்கி, அமெரிக்காவுக்கு முன் நிலவுக்குப் போவோம் என்று அறிவித்தார். அவர் தேர்ந்தெடுத்த பயணி 17 வயது மாத்தா. உலகப் பத்திரிகைகள் சிரித்துவிட்டு மறந்த அந்தச் செய்தியில், மாத்தா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. போடோமோ கேட்டார். அப்போலோ 11 கிளம்பும் 1969 ஜூலையில், பாலைவெளியில் ஒரு சின்னக் கூட்டம் தன் மகளை வானத்துக்கு அனுப்பத் தயாராகிறது. ஒரு தேசத்தின் பெருமையையே ஒரு பெண்பிள்ளையின் தலையில் ஏற்றுவது சரியா என்ற கேள்வியைப் படம் உரக்கக் கேட்பதில்லை. மாத்தாவின் முகத்தில் விட்டுவைக்கிறது.

2016இல் கவிதை, திரைப்படம் என்ற இரண்டு ஓடைகளும் மிகப் பெரிய மேடையில் கலந்தன. பாடகி பியான்சேயின் ‘லெமனேட்’ காணொளி இசைத்தொகுப்பில், பாடல்களுக்கு இடையே ஒலிக்கும் கவிதைகள் வார்சன் ஷைருடையவை. கென்யாவில் சோமாலியப் பெற்றோருக்குப் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். அந்த நகரின் முதல் இளம் அரசவைக் கவிஞர். காட்சிகளிலோ ஜூலி டாஷின் ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ படத்தின் சாயல். கறுப்பின அமெரிக்கப் பெண் இயக்கி, அமெரிக்கா முழுவதும் திரையரங்குகளுக்கு வந்த முதல் முழுநீளப் படம் அது, ஆண்டு 1991. லெமனேட் வந்த அதே 2016இல் புதுப்பித்த பிரதியாக அரங்குகளுக்குத் திரும்பியது.

கொண்டாட வேண்டிய தருணம்தான். ஆனால், ஒரு கணக்கை மறக்கக் கூடாது. அந்தப் படத்துக்குப் பிறகு டாஷுக்குத் தொலைக்காட்சிப் பணிகள் கிடைத்தன. அதே அளவில் அடுத்த திரையரங்கப் படம் எடுக்க ஹாலிவுட் கதவைத் திறக்கவில்லை. கேத்லீன் காலின்ஸ் 1982இல் எடுத்து முடித்த ‘லூசிங் கிரவுண்ட்’ திரையரங்குக்கு வந்தது 2015இல். அவர் 1988இலேயே, 46 வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார். பிரூக்ளின் சிறுமி ஒருத்தி பெண்ணாவதைச் சொல்லும் சென்சிராவின் முழுநீளப் படம் ‘அல்மாஸ் ரெயின்போ’ 1994இல் வந்து, 2022இல் புதுப்பிக்கப்படும்வரை ஏறத்தாழ மறைந்தே கிடந்தது. குறுவடிவத்தில் இந்தப் பெண்கள் சாதித்ததைப் பாராட்டும்போது, பலருக்கு அந்த வடிவம் மட்டுமே விடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

பேருந்தில் உடை மாற்றுபவள்

குறும்படமும் கவிதையும் சிறுமியும் ஒரே புள்ளியில் சந்திக்கும் படம் டீ ரீஸின் ‘பரையா’. விளம்பர, வணிகத் துறையை விட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படிக்க வந்த ரீஸ், 2007இல் அதை மாணவர் குறும்படமாக எடுத்தார். தலைப்பு தமிழ் வாசகரைத் துணுக்குற வைக்கும். நம் மண்ணின் ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துச் சென்று, ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலம் இன்றும் புழங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் காயத்தின் வரலாறு தெரியாமலே உலகம் அதை உச்சரிக்கிறது.

அலீக்கே, 17 வயது, பிரூக்ளின்வாசி. தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் சொல்ல முடியாது. தோழியோடு வெளியே போகும்போது தொளதொள சட்டையும் தொப்பியும். வீடு திரும்பும் பேருந்திலேயே அவற்றைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த மாதிரி காதில் தோடு மாட்டிக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் அவளுடைய இரட்டை வாழ்க்கை முழுவதும் அந்தப் பேருந்து இருக்கையில் தெரிந்துவிடுகிறது. அவள் முழுசாக அவளாக இருக்கும் இடம் கவிதை நோட்டு மட்டுமே. குறும்படத்தில் நடித்த அடெப்பெரோ ஒடூயேதான் 2011இல் வந்த முழுநீளப் படத்திலும் அலீக்கே. ஆட்ரி லோர்டின் மேற்கோள் ஒன்றோடு அந்தப் படம் தொடங்குகிறது. சன்டான்ஸில் ஒளிப்பதிவு விருது பெற்றது. ரீஸ் பிறகு ‘மட்பவுண்ட்’ எடுத்தார். தழுவல் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களை ஆண்டுதோறும் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கிறது. ‘ஹேர் பீஸ்’ 2018இலும், ‘இல்யூஷன்ஸ்’ 2020இலும், ‘பரையா’வின் முழுநீள வடிவம் 2022இலும் அதில் ஏறின. ஒன்வுராவும் லார்கினும் எடுத்த குறும்படங்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் திரைப்பட விழாக்களிலும், பெண்கள் படங்களுக்காகவே 1972இல் தொடங்கிய ‘விமன் மேக் மூவீஸ்’ போன்ற விநியோகஸ்தர்களிடமும்தான் தேட வேண்டியிருக்கிறது. புதிதாகப் பார்க்க வருபவர் ‘ஹேர் பீஸ்’ படத்தில் தொடங்கலாம். அடுத்து ‘காஃபி கலர்ட் சில்ரன்’. இரண்டும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கும் குறைவு. கூடவே கிளிஃப்டனின் தொகுப்பு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டால், ஒரே மாலையில் மூன்று வீட்டுப் பிள்ளைகளோடு பழகிவிடலாம்.